ஒரு ‘கள்’

புன்டா அரேனாஸில் காற்று முற்றினால்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்த வியாழன் கயிறு இல்லை.
படகு போகும் நாள்.

நீரிணை தாண்டி போர்வெனிர் போகிறவர்கள்
படிவத்தில் நிரப்புவதெல்லாம்
முகவரியின் வாலில் தொற்றி என்னிடம் வரும்,
கேள்விக்குறிக்குப் பின்னால்,
பெயரும் தேதியும் வண்டியும் என
உம்மை போட்டுக் கோத்த சரமாக.
நூன்யெஸ் வீட்டார் வந்தால்
நடு எழுத்து நொறுங்கி
சதவீதக் குறிகளாய்ச் சிதறிக் கிடக்கும்.
பொறுக்கி ஒட்டுவேன்.
மூன்று என்று வருவதும் மூன்று அல்ல,
மூன்றின் எழுத்து. எண்ணாக்காமல் கூட்டினால்
மூன்றும் ஒன்றும் முப்பத்தொன்று.

துணைவர் கட்டம் வெறுமையாய் வந்தால்
கேட்டோம், அவர் சொல்லவில்லை.
கட்டமே வராவிட்டால்
நாம் கேட்கவே இல்லை.
இரண்டு மௌனமும் ஒன்றென்று நினைத்து
முதல் மாதம் முழுக்க
கைம்பெண்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

எட்டே முக்காலுக்குத் துறையிலிருந்து பாஹமோந்தே:
“இரேனியோ, பட்டியலில் ஒருத்தி.
பலகையில் மூன்று பேர் நிற்கிறார்கள்.”

பதிவேட்டைத் திறந்தேன்.
பயணி, எதுவினா ஒயார்சோ.
பயணி, லாவ்தாரோ.
பயணி, நெஃப்தாலி.
ஒரே பெயரில் மூன்று முறை
கதவைத் தட்டியிருக்கிறார்கள்.
நான் எழுதிய வரி ‘மதிப்பு’ கேட்டது.
சர்வர் முதலாவதைக் கொடுத்துவிட்டு
கையைக் கட்டிக்கொண்டது.
பொய் சொல்லவில்லை.
கேட்டதற்கு மேல் பேசவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பெயரையும் போனில் வாசித்தேன்.
பாஹமோந்தே பென்சிலால் எழுதிக்கொண்டார்,
நெஃப்தாலிக்கு எந்த எழுத்து என்று
இருமுறை கேட்டு.
சங்கு ஊதியது எனக்கும் கேட்டது.

பிறகு திருத்தினேன்.
மதிப்பு என்றதை மதிப்புகள் என்றேன்.
ஒரு ‘கள்’.
அது இல்லாமல் எத்தனை குடும்பம்
முதல் ஆளோடு முடிந்திருக்கும்?
எண்ணிப் பார்க்கப் பயந்து
தேநீர் போட்டேன்.

திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன்,
சரத்தின் கடைசியில் இன்னொன்று:
‘குறிப்பு’.
யாரும் எழுதுவதில்லை என்று
ஏப்ரலில் அதைப் படிக்கும் வரியை நீக்கியிருந்தேன்.
கட்டம் மட்டும் படிவத்தில் மறந்துபோய்
இருந்திருக்கிறது.

சின்னவனுக்கு அலை பயம்,
நடுவில் இடம் கொடுத்தால் போதும்.

படகு அப்போது
நீரிணையின் பாதியில்.
காற்று மறுபடி
கண்ணாடியை ஆட்ட ஆரம்பித்திருந்தது.