இருநூற்றுப் பதினாலு

ஊதியூர் தாண்டித் தாராபுரம் போகும் ரோட்டில்
இடதுபக்கம் எனக்கு,
வலதுபக்கம் ஜரீனாவுக்கு.
மரத்துக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு பெயர்,
நாளுக்கு அறுநூற்றைம்பது.
ரோடு அகலமாகப் போகிறது.
பெயர் தெரியாமல் எதையும் வெட்டக்கூடாதாம்.

திருப்பூரில் பதினோரு வருசம் செக்கிங்கில் இருந்தவள் நான்.
கழுத்துப்பட்டி கோணினால்
ஓவர்லாக்கில் ஒரு தையல் தாண்டினால்
விரல் தானாக நிற்கும்.
அந்த விரல்தான் இப்போது இலை தடவுகிறது.

வேம்பு சுலபம்.
அடியில் ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி
கட்டிங் மேசையில் துணி நகர்ந்துபோன பீஸ் மாதிரி.
கம்பெனியில் என்றால் ரிஜெக்ட்.
இங்கே அந்தக் கோணல்தான் அடையாளம்.

புங்கு ஜோடி ஜோடியாக வந்து
நுனியில் ஒற்றையாக நிற்கும்
பஸ்ஸில் சீட்டுக் கிடைக்காத கொழுந்தன்போல.
அரசும் பூவரசும் ஒரே அச்சில் வெட்டியவை,
வால் நீண்டது அரசு.
புளியும் வெள்வேலும் தூரத்தில் ஒரே பச்சைத் தூசி.
கிட்டப் போனால்
வெள்வேல் சட்டையைப் பிடித்து இழுத்து
தன் பெயரைத் தானே சொல்லிவிடும்.

செயலி கேட்கிறது:
தனியிலையா, கூட்டிலையா?
எதிரெதிரா, மாறி மாறியா?
விளிம்பு நேரா, பல்லா?
நிரப்பினால்தான் அடுத்த மரம்.

இருநூற்றுப் பதினாலு
கொறங்காட்டுக் கிளுவை வேலியை ஒட்டி நின்றது.
பங்குனி வெயில். ஒரு இலை இல்லை.
இரண்டிரண்டாய் நுனி ஒட்டிய நெற்றுகள் மட்டும்
துணி காயப்போடும் கிளிப் மாதிரி தொங்கின.
நெற்றுக்குச் செயலியில் கட்டம் இல்லை.

செம்மறி ஓட்டி வந்த ராக்கியப்பன்
நின்று, மரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து,
"வெட்டறதுக்குப் பேரு எதுக்குங்க?" என்றார்.
பதில் சொல்வதற்குள்
ஆடுகள் ரோட்டைக் கடந்துவிட்டன, அவரும்.

'தெரியவில்லை' என்று தொட்டேன்.
முப்பது நாளில் மறு ஆய்வு என்று வந்தது.

சித்திரையில் ஒரே ஒரு மழை.
திரும்பிப் போனபோது இலை இருந்தது,
கணுவுக்கு இரண்டு, முகத்துக்கு முகம்.
விளிம்பில் பல் இல்லை.
கிள்ளினேன்.
சொட்டுச் சொட்டாய்ப் பால்.
பாலுள்ள மரம் ஆயிரம்.
இரண்டு இலையை நோட்டில் வைத்து மூடி
ஸ்கூட்டர் முன்கூடையில் போட்டேன்.
அதே கூடையில் ஜரீனாவின் தேங்காயெண்ணெய்,
மூடி சரியாகத் திருகாத சீசா.

மூன்றாம் நாள் நோட்டைத் திறந்தால்
பக்கம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம்.

எனக்கு இந்த நிறம் தெரியும்.
எங்கள் பாலத்தடியில் நொய்யல்
ஒருநாள் சிவப்பு, ஒருநாள் மஞ்சள்,
ஒருநாள் இதேதான்.
பச்சை இலைக்குள்
ஒரு சாயப்பட்டறையை மடித்து வைத்துக்கொண்டு
குழாய் இல்லாமல், கழிவு இல்லாமல்
ரோட்டோரம் சும்மா நின்றிருக்கிறது.

காங்கயம் நாட்டு மருந்துக்கடையில்
நோட்டை நீட்டினேன்.
கடைக்காரர் இலையைப் பார்க்கவில்லை,
கறையைப் பார்த்தார்.
"வெப்பாலைங்க. பொடுகுக்கு நல்லது."

செயலியின் பட்டியலில்
வில்வத்துக்கு அடுத்து வெள்வேல்.
நடுவே இடமில்லை.
கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது.
பதினோரு வருசத்தில்
தப்பான லேபிளோடு ஒரு பெட்டியும் நான் அனுப்பியதில்லை.
ஆனாலும் தொட்டேன்.
தொடாமல் அடுத்த மரம் வராது.

பிறகு டப்பாவில் மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டால்
எண்ணுக்குக் கீழே, பட்டை மேடு பள்ளத்தில்
எழுத்து நடுங்க எழுதினேன்: வெப்பாலை.
வெட்ட வருகிறவன் படித்துவிட்டு வெட்டட்டும்.

வலதுபக்கத்திலிருந்து ஜரீனா கத்தினாள்:
"அக்கா, அந்த எண்ணெய்க்குக் காசு
எந்தக் கணக்குல வருது?"