நாற்பத்து மூன்றாம் பல்

இரவு ஒரு மணி. ஒட்டுப்பாலம் தோட்டத்து ஸ்டோரில்
மூன்றாம் ரோலர் இன்னும் அரைக்கிறது.
சித்திரை மழைக்குப் பிறகு குவிந்த கொழுந்து.
நிறுத்தக்கூடாது என்று துரை
ஃபோனில் சொல்லிவிட்டார், இரண்டு தரம்.

கியர்பெட்டியின் வயிற்றில்
அதிர்வுமானியை ஒட்டவைத்தேன், காந்தக் காலோடு.
"காய்ச்சல் எத்தன, டாக்டரம்மா?"
ஃபிட்டர் யேசுரத்தினம் கையில் வெறுந்தேத்தண்ணி.

மோட்டார் நொடிக்கு இருபத்து நான்கு சுற்று.
சின்னச் சக்கரத்தில் பதினேழு பல்.
பெருக்கினால் நானூற்று எட்டு.
திரையில் அங்கே ஒரு முள் நிற்க வேண்டும், நிற்கிறது.
அது நோயில்லை.
பல்லும் பல்லும் கொடுத்து வாங்கும் பேச்சு.

ஆனால் அறுபத்து மூன்றில் இன்னொன்று.
எந்தச் சக்கரத்துக்கும் உறவில்லாத முள்.
பேரிங்கா, பெல்ட்டா, அடித்தள போல்ட்டா?
அரைமணி நேரம் தேடி, கடைசியில் தலையை நிமிர்த்தினால்
ரோலர் சட்டத்தில் முடுக்கிய தட்டில்
ரோதைமுனிக்கு வைத்த குங்கும டப்பா,
தகர மூடி துடிதுடிக்க.
எடுத்துப் பைக்குள் போட்டேன். முள் படுத்துவிட்டது.
யேசுரத்தினம் வேதக்காரர். ஆனாலும் முகம் சுருங்கியது.
"வேல முடிஞ்சதும் வச்சிருங்க."

இப்போது தெளிவாய்த் தெரிந்தது:
நானூற்று எட்டின் இரு பக்கமும்
குட்டிக் குட்டியாய் முட்கள்,
ஐந்தே முக்கால், ஐந்தே முக்கால் தள்ளி.
இடைவெளிதான் விலாசம்.
இருபத்து நான்காய் இருந்தால் சின்னது.
ஐந்தே முக்கால் என்றால்
எழுபத்தொரு பல்லுக்காரப் பெரியது.

எழுபத்தொன்றில் எது?

சராசரி என்ற சொல்லே எனக்கு ஆகாது.
பிரிவுக்கு இத்தனை கிலோ என்று செக்ரோல் முடிந்துவிடும்;
அட்டை கடித்த காலோடு
பதினொரு கிலோவில் நின்று அரைப்பேர் வாங்கியவள்
அந்த இலக்கத்தில் எங்கும் இல்லை.
இந்தச் சராசரி வேறு ஜாதி.
தண்டில் ஒரு வெள்ளிப் பொட்டு ஒட்டினேன்.
பொட்டு கண்ணில் படும்போதெல்லாம்
ஒன்றிலிருந்து எண்ணு, முந்தினதன் மேல் அடுக்கு.
முந்நூறு சுற்று. ஒரு நிமிடம்கூட இல்லை.
தகரத்தில் மழை, பக்கத்து ரோலர், சல்லடை,
யேசுரத்தினத்தின் இருமல்
எல்லாம் தாளம் தப்பித் தப்பி
ஒன்றையொன்று தின்று தீர்ந்தன.
மிஞ்சியது சக்கரம் மட்டும்.
எழுபத்தொரு அலை, வரிசையாய்.
நாற்பத்து மூன்றாவது
கொஞ்சம் குழிந்து, கொஞ்சம் பிந்தி.

ஒருதரம் முனகினால் கரைந்துவிடும்.
சுற்றுக்கு ஒருதரம், அதே இடத்தில் முனகினால்
கரைக்க முடியாது.

துரைக்குச் சொன்னேன். "நிச்சயமா?" என்றார்.
"திறந்தால் தெரியும்."
"திறந்து ஒன்றும் இல்லாவிட்டால்
வாடின கொழுந்துக்கு யார் பதில்?"
நான் பேசவில்லை. ரோலர் பேசிக்கொண்டிருந்தது.
"நிறுத்துங்க."

நாலரைக்கு மூடி கழன்றது.
பொட்டிலிருந்து எண்ணினோம், அவர் வாய்விட்டு, நான் மனதுக்குள்.
நாற்பத்து மூன்று.
எண்ணெயைத் துடைத்தால்
மற்ற எழுபதைப் போலவே பளபளப்பு.
டீமேக்கர் என்னைப் பார்த்தார்.
வாட்டத் தொட்டியில் இலை வாடிக்கொண்டே இருந்தது.

சிவப்புச் சாயம் பூசி, பொறுத்து, துடைத்து
வெள்ளைத் தூள் தெளித்தேன்.
பத்து நிமிடம் என்று புத்தகம் சொல்லும்.
ஆறாவதில், பல்லின் அடிவாரத்தில்,
நகக்கண் அகலத்துக்கு
மெல்லக் கசிந்தது ஒரு சிவப்புக் கோடு.

யேசுரத்தினம் அதைப் பார்க்கக்கூட இல்லை.
கையை நீட்டினார்:
"டப்பாவக் குடுங்க."