அரைப்பேர்

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
கொழுந்துக் கூடையைத் தேடுகிறாள் அம்மா.
அழுக்குத்துணிக் கூடையைக் கொடுத்தேன்.
தலையில் மாட்டக் கயிறு எங்கே என்கிறாள்.

வெளியே கீழ்க்கோத்தகிரிப் பனி.
காட்டுமாடு கேரட்டுக்கு இறங்கும் நேரம்.
தாழ்ப்பாளை அவள் கைக்கு எட்டாத உயரத்தில்
மாற்றிப் பத்து நாள் ஆகிறது.
ஏன் என்று ஆசாரி கேட்கவில்லை.

"பெரட்டுக்குத் தப்பு அடிச்சாச்சு."
அது ஹட்டனில் அடித்த தப்பு,
கப்பல் ஏறுவதற்கு முன்னால்.
ஆரம்பத்தில் திருத்தினேன்:
இது கோத்தகிரிம்மா, அப்பா போய் ஆறு வருஷம்.
ஒவ்வொரு தடவையும்
அன்றைக்குத்தான் செத்த மாதிரி அழுதாள்.
திருத்துவதை விட்டுவிட்டேன்.

இப்போது நான் கணக்கப்பிள்ளை.
துணிக்கூடையைத் தூக்கிப் பார்த்து
"பதினாறு கிலோ" என்கிறேன்.
"கள்ளத் தராசு" என்கிறாள்.
சரியாகத்தான் சொல்கிறாள்.

திருப்பூரிலிருந்து வீடியோ காலில் அண்ணன்.
பல் தெரியச் சிரித்து
"நல்லா இருக்கேங்க சார்" என்கிறாள்.
"நல்லாத்தானே இருக்காங்க" என்கிறான் அவன்.
என் இன்னொரு கையில் இருக்கும் ஈரப்பாவாடை
போனில் விழாது.

விடிகாலை, காலுறை மாட்டிவிடக் குனிந்தேன்.
என் தலையைத் தொட்டு
யாரிடமோ கேட்டாள்:
"இந்தப் புள்ளைக்குப் பேர் போட்டாச்சா?"

"என்ன பேர்னு போடணும்?"

யோசித்தாள். டீயில் ஆடை படிந்தது.
"பாக்கி..."
அதற்குமேல் வரவில்லை.

சிவபாக்கியம் என்று வைத்தவள் அவள்தான்.

பாதியில் மழை பிடித்த நாளுக்கு
அரைப்பேர்தான் விழும்,
அது தோட்டத்துச் சட்டம்.
வாங்கிக்கொண்டு
வெந்நீர் வைக்கப் போனேன்.