எட்டுக்கு நாற்பது

பியூஃபோர்ட் வெஸ்ட் அடகுக் கடையில்
கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று பைனாகுலர்கள்.
பெரியதில் குரோம் பளபளத்தது,
இருபதுக்கு அறுபது என்று
பொன்னெழுத்தில் மார்தட்டியது.
"நிலாவில் நடந்தவன் காலடியே தெரியும், அம்மணி"
என்றார் கடைக்காரர் பிராண்ட்ஃபெல்ட்.
தெரியாது என்பது இருவருக்கும் தெரியும்.
இருபது மடங்கு கிட்டே வந்தால்
கை நடுக்கமும் இருபது மடங்கு.

நான் கம்பளி தரம் பிரிக்கிறவள்.
முப்பத்தொரு வருஷம் மெரினோ ரோமத்தை
விரலால் பிளந்து மைக்ரான் சொல்லிப் பிழைத்தவள்.
விலைச்சீட்டைக் கடைசியில்தான் பார்ப்பேன்.
முதலில் டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்தேன்:
சிறியதன் முகப்பில் பச்சையும் கத்தரிப்பூ நிறமும்
இருக்கிறோம் இல்லை என்று மிதந்தன.
பெரியதில் விளக்கு அப்படியே வெள்ளையாய்த் திரும்பி வந்தது.
உள்ளே போக வேண்டிய வெளிச்சம்
வாசலோடு போய்விடுகிறது.

கையை நீட்டித் தள்ளிப் பிடித்தேன்.
கண்வில்லைகளில் இரண்டு ஒளிப்பொட்டு.
பெரியதில் பொட்டின் ஓரம் நகம் கடித்த மாதிரி.
சிறியதில் வட்டம், குறையில்லாத வட்டம்.
நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்து.
ஐம்பத்தெட்டு வயதுக் கண்மணி
எத்தனை இருட்டைக் காட்டிக் கெஞ்சினாலும்
அதற்குமேல் விரியப் போவதில்லை.
காதருகே வைத்து உலுக்கினேன்.
உள்ளே எதுவும் உருளவில்லை.
அறுநூறு ராண்ட் என்றார்.
நானூற்று இருபதுக்கு எடுத்தேன்.

ஆகஸ்ட். ஃபிரேசர்பர்க் தாண்டி ஒரு பண்ணை.
கத்தரிப்பின் நாலாம் நாள்,
என் மேசைக்கு வந்தது எண்ணூறு ஆட்டின் ரோமம்.
ராத்திரி தோள்கள்
என்னைக் கேட்காமல் நடுங்கின.
நின்றபடி தூக்கினால் கேட்டை
சிவப்புக் கிறுக்கலாய் ஓடியது.

கொட்டகைச் சுவரில் முதுகைக் கொடுத்தேன். பாதி அடங்கியது.
துடைப்பக் கட்டையை இடுப்புப் பட்டையில் ஊன்றி
நுனியில் பைனாகுலரை இருத்தினேன். முக்கால்.
தொப்பி விளிம்பையும் சேர்த்துப் பிடித்தேன்,
யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.
பிறகு கம்பளிப் பொதிமேல் மல்லாந்தேன்;
நூற்றெழுபது கிலோ, நானே முத்திரை குத்தியது.
முழங்கையை விலாவில் இறுக்கி,
கண்குழி எலும்பில் ரப்பரைப் பதித்து,
மூச்சை விட்டு, அடுத்ததை எடுக்காமல்

நின்றது.

தேளின் கொடுக்கருகே
வெறுங்கண்ணுக்குப் புகையாய்க் கிடந்தது
உடைந்து கல்லுப்பாய்ச் சிதறியது.
எண்ணினேன். முப்பதுக்குள் மூச்சு முட்டியது.

முழுக்க நின்றது என்று சொல்ல முடியாது.
விண்மீனெல்லாம் சேர்ந்தாற்போல்
மெல்லக் குதித்தன, குதித்தன.
காற்றில்லை. ஆடு எதுவும் பொதியை முட்டவில்லை.
கழுத்து நரம்பைத் தொட்ட பிறகுதான் புரிந்தது.
அதற்கு ஊன்ற என்னிடம் கட்டையில்லை.
இருந்தாலும் ஊன்றேன்.

மொலெஃபி வந்தான்,
அன்று நூற்றுப் பதினாறு ஆடு கத்தரித்தவன்.
கேட்டான், கொடுத்தேன்.
நெருங்கிய கண்கள் அவனுக்கு; கீலை மடக்கினான்.
வலக்கண் வளையத்தைத் திருகினான்,
நகப்பூச்சால் நான் வைத்த புள்ளி
எங்கேயோ போனது.
நின்றபடியே பார்த்தான், கை ஆடவில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.
வெகுநேரம் கழித்து,
"தரையைக் கூட்டாமலே போயிருக்கிறார்கள், சன்னா"
என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

கீலை விரித்து, புள்ளியைத் தேடிச் சேர்த்து
மறுபடி மல்லாந்தேன்.
கேட்டையைச் சுற்றி ஒரு மேகம்!
பால் தெளித்த மாதிரி,
சற்று முன் இல்லாதது, எந்தப் படத்திலும் காணாதது.
நெஞ்சு அடித்தது, வானமும் கூடவே அடித்தது.
பக்கத்து விண்மீனுக்குப் போனேன். மேகமும் வந்தது.
கொட்டகை பல்புக்குத் திருப்பினேன்.
அங்கும் வந்து உட்கார்ந்தது.

இடது கண்வில்லையில்
மொலெஃபியின் கட்டைவிரல்,
ஆட்டுப் பிசுக்கில் ரேகை முழுசாய்.

துணி வீட்டுக்குள் இருந்தது.
குளிர் பூஜ்யத்துக்குக் கீழே.
இடக்கண்ணை மூடிக்கொண்டு
வலக்கண்ணாலேயே பார்த்துக் கிடந்தேன்,
பதினொன்று வரை.