நடுவில் ஒரு துளை

மைதாவை ஆழாக்கால் மூன்று அளந்து கொட்டினேன்.
டோரின் எதாலும் அளந்ததில்லை.
"கை சொல்லும்" என்பாள்
ரேப்பிட் சிட்டியில், இரவுப்பணி முடிந்து
கையுறையை உரித்துப் போட்டுக்கொண்டே.
என் கைக்கு அப்போது
நரம்பு எங்கே இருக்கிறதென்று மட்டும்தான் சொல்லத் தெரியும்.

பேக்கிங் பவுடர் மன்னார்குடி கடையில் கிடைத்தது,
தேதி போய் மூன்று மாதம்.
ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டேன்.
உப்பு. பால்பவுடர் ஒரு கைப்பிடி. வெந்நீர்.
புரோட்டாவுக்கு அடிப்பதுபோல் அடிக்கக் கூடாது,
சும்மா சேர்த்துவிட்டு மாவைத் தனியே விடு,
அதற்கும் யோசிக்க நேரம் வேண்டும் என்பாள்.
ஈரத்துணி போட்டு மூடினேன்.
ஓட்டுமேல் மழை பிடித்துக்கொண்டது.

"இதுதான் உங்க பாரம்பரிய ரொட்டியா?"
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
அவள் நெடுநேரம் சிரித்தாள், லகோட்டாக்காரி,
பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
காட்டெருமை மேய்ந்த புல்வெளியைப் பிடுங்கிக்கொண்டார்கள்,
பதிலுக்கு மாவு வந்தது.
மாவும், உப்பும், டின்னில் கொழுப்பும்.
அன்றைக்கு அடுப்பில் என்ன ஏற முடிந்ததோ
அதை இன்றைக்குப் பாரம்பரியம் என்கிறோம்.

அவள் தம்பியை
திங்கள் புதன் வெள்ளி
எந்திரத்தில் பூட்டிவிடுபவள் நான்.
நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய் உள்ளே வரும்.
"இந்த ரொட்டிதான் பாதி காரணம்" என்றாள்,
அவனுக்கு இன்னொன்றைத் தாளில் சுற்றியபடி.

ரேஷன் பாமாயில் காய்ந்து மணத்தபோது
தெய்வசிகாமணி வந்தார்,
வேட்டி தொடைவரை சேறு.
பதினோரு நாளாகக் கொள்முதல் நிலைய வாசலில்
எங்கள் குறுவை தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.
"பதினேழுக்கு மேல ஈரம் இருந்தா எடுக்க மாட்டானாம்.
இருபத்தொண்ணு காட்டுது.
மூட்டைக்கு மூட்டை குத்தூசிய விட்டுப் பாக்குறான்,
குத்துன ஓட்டைய எவன் தைக்கிறது?
அடிமூட்டை முளைவிட்டிருச்சு."

நான் பதில் சொல்லவில்லை.
உருண்டையை உள்ளங்கையில் தட்டி
நடுவில் விரலால் ஒரு துளை போட்டேன்.
போடாவிட்டால் ஓரம் கருகும், வயிறு வேகாது.
எண்ணெயில் விட்டதும் அமுங்கி, ஒரு கணம் கழித்து
மேலே வந்து பெருமூச்சு விட்டது.

"பூரியா?"
"இல்ல."
"பன்னா?"
"இல்ல."
"பின்ன என்ன எழவு இது?"
"நிவாரணம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.
புயல் வருஷம் லாரியில் எறிந்த பொட்டலத்தைப்
பிடித்த கை அவருடையது.
நெல்லு விளையற ஊருக்குக் கோதுமை மாவு,
தென்னை விழுந்த ஊருக்கு மெழுகுவத்தி.
அந்த மாவை என்ன செய்தோம் என்று
எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை இருவருக்கும்.
மாட்டுக்குக் கரைத்து வைத்திருப்போம்.

டோரின் வீட்டில் இதற்குக் காட்டுச்செர்ரிக் கூழ்.
இங்கே நேற்றைய கெளுத்திக் குழம்பு.
சட்டியை வழித்து வழித்து மூன்று தின்றார்.
நாலாவதற்குக் கை நீண்டபோது
"விரலைக் கழுவிட்டு வாங்க,
எண்ணெய்க் கையில மிசினு சரியாக் காட்டாது" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே போனார், வந்தார், நீட்டினார்.
குத்தினேன்.
ஒரு துளி, குண்டுமணி அளவுக்கு.
எந்திரம் ஐந்து, நாலு, மூன்று என்று எண்ணியது.
வெளியே மழை எதையும் எண்ணாமல் பெய்தது.

"எவ்வளவு?"

"எடுத்துக்க மாட்டாங்க" என்றேன்.

சிரித்துவிட்டார். பதினோரு நாளில் முதல்முறை.
சிரித்தபடியே நாலாவதைப் பிய்த்து
பெரிய பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்,
துளை இருந்த பாதியை எனக்குத் தள்ளினார்.