கச்சானுக்கு எத்தனை கியர்

உச்சிப்புளி விலக்கில் தேநீர் இன்னும் வரவில்லை.
மூன்று புல்லட்டுகள் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து
டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருக்கின்றன.
என் சைக்கிளுக்கு ஸ்டாண்டே கிடையாது.
பனையில் சாத்தியிருக்கிறேன்,
கடன் கேட்க வந்ததைப்போல் ஓரமாக நிற்கிறது.

"ஏன் பங்காளி, முதுகுல போட்ட ஸ்க்ரூவுக்கு
எத்தனாம் நம்பர் ஸ்பேனர்?"
நம்புராஜன் இதை நான்காவது வாரமாகக் கேட்கிறான்.
ஆறு ஸ்க்ரூ, இரண்டு கம்பி.
நம்பர் தெரியாது, மயக்கத்தில் இருந்தேன் என்கிறேன்.
இன்னாசிக்கு வடை புரையேறுகிறது.

மதுரையில் பதினோரு நாள்.
மேலே மின்விசிறிக்கு மூன்று இறக்கை,
ஒன்றில் மட்டும் தூசி அதிகம்.
பேலன்ஸ் சரியில்லை என்று நர்ஸிடம் சொன்னேன்.
"உங்க பேலன்ஸை மொதல்ல பாருங்க" என்று
வாக்கரைத் தள்ளிவைத்தாள்.
கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பதினான்கு அடி.
லடாக் போய்வந்தவன் நான்.
பாதியில் நின்று மூச்சு வாங்கினேன்.

ஒரு வருடம் குலுங்கக் கூடாது என்றார் டாக்டர்.
புல்லட்டை விற்கச் சொல்லி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை,
விலை மட்டும் விசாரித்திருந்தார்கள்.
ஞாயிறுதோறும் இன்னாசி வருவான்.
தார்ப்பாயை உருவி, ஒரே உதையில் கிளப்பி,
பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று
ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் போவான்.
உள்ளே ஒருக்களித்துப் படுத்து
அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.
ஒரு ஞாயிறு அவன் வரவில்லை, கடலில் இருந்தான்.
அந்த வாரம் வலி கூடுதல் என்று பிசியோவிடம் சொன்னேன்,
காரணம் சொல்லவில்லை.

எட்டாம் மாதம், ஹேண்டில்பாரை உயர்த்திக்கொண்டால்
சைக்கிள் மிதிக்கலாம் என்றார்கள்.
பஞ்சு வைத்த கால்சட்டையைப் பார்த்து
ஊரே இரண்டு நாள் சிரித்தது.
முதல் மாதம் நான்கு பஞ்சர்.
இருபது வருடம் ஓட்டிய சாலைதான்.
சீமைக்கருவேலம் இவ்வளவு முள்ளை
எனக்காக எடுத்துவைத்திருந்தது தெரியாது.

காற்றும் அப்படித்தான்.
புல்லட்டில் காற்றென்றால் சட்டைக்குள் புகுந்து
முதுகில் பலூன் ஊதுவது, அவ்வளவுதான்.
ஆடியில் ஒருநாள் பாம்பனுக்கு முப்பத்திரண்டில் போனேன்.
தொடைக்கு வலு வந்துவிட்டது என்று
பாலத்தில் நின்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.
திரும்பினால் பதினொன்று.
மிதிக்க மிதிக்க மண்டபம் தள்ளிப் போனது.
"போகையில தள்ளுனது கச்சான்,
ஒந் தொடையில்ல" என்றான் இன்னாசி.
வாடை வரட்டும், அது பக்கவாட்டில் அறையும்
என்று ஆறுதலும் சொன்னான்.

சீனிக்காதர் மட்டும் எழுந்துபோய்
பெருவிரலால் டயரை அழுத்திப் பார்க்கிறான்.
தூக்கிப் பார்க்கிறான். விலை கேட்கிறான்.
பிறகு பனையிடம் கேட்பதுபோல்:
"நெஞ்சுல ஸ்டென்ட் வச்சவன் மிதிக்கலாமா, மச்சான்?"
யாருக்கு?
"நோன்புக்கு முன்னாடி வச்சது.
யார்ட்டயும் சொல்லல."
தேநீர் வந்துவிட்டது.
நம்புராஜன் அவன் கிளாஸிலிருந்த சீனியைக்
கலக்கவிடாமல் வேறு போடச் சொல்கிறான்.
டாக்டர்ட்டக் கேளு என்கிறேன், நானும் வர்றேன்.
அதற்குமேல் யாரும் பேசவில்லை.
கருவாட்டு லாரி ஒன்று போனது.

இன்று பாலம்வரை சேர்ந்தே போனோம்.
திரும்புகையில் நம்புராஜன் முன்னால் வந்து
காற்றை மறைக்கிறேன் என்று புகையை ஊட்டினான்.
இன்னாசி வலப்பக்கம்.
சீனிக்காதர் பின்னால், ரொம்பப் பின்னால்,
என் கால்கள் எப்படிச் சுற்றுகின்றன என்று பார்த்தபடி.
மூன்று வண்டியும் இரண்டாவது கியரில் முனகின.
பின்னால் பஸ் ஆரன் அடித்தது.

"கொஞ்சம் வேகமா மிதி பங்காளி,
இஞ்சின் கொதிக்குது."