பத்துக்குப் பத்து

ஆஸ்பத்திரி வீதிப் பாமசியில்
காசுப் பெட்டி என் பொறுப்பு.
பத்து ரூபாய்க் குத்தி எதையும்
முகம் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன்.
ஒவ்வொன்றையும் பெருவிரலால் புரட்டுவேன்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அடித்தவை,
பதினொரு மூலை,
மாவட்டத்துக்கு ஒன்றாக இருபத்தைந்து.
அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை.
பத்து ரூபாய்க்கு ஏதோ வாங்கலாம் என்றிருந்தது,
வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
இப்போது அதற்கு ஒரு ரொபி வரும்.

எனக்கென்று ஒரு சட்டம்.
முதலில் என் பேர்சிலிருந்து ஒரு பத்து உள்ளே,
பிறகுதான் ஒரு பத்து வெளியே.
பொலன்னறுவையை அப்படி வாங்கினேன்,
இருமல் பாணிக்கு வந்த ஒருவரின்
ஈரக் கையிலிருந்து.
அம்பாந்தோட்டை, முழங்காலில் பிளாஸ்ரர் ஒட்ட வந்த
பொடியனோடு வந்தது.
நுவரெலியாவின் ஒரு ஓரம் மழுங்கல்,
யாரோ விடாமல் லொத்தர் சுரண்டியிருக்கிறார்கள்.
மூன்றும் நான் கால் வைக்காத ஊர்கள்.

முதலாளி இரத்தினவடிவேல் கமராவில் பார்த்துவிட்டார்.
பூட்டுகிற நேரம் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்.
திரையில் நான், மேலேயிருந்து, வெறும் உச்சிவகிடு.
கை உள்ளே போகிறது. வருகிறது.
திரும்பவும் போகிறது.
கணக்கை இரண்டு தரம் கூட்டினார்,
ஒரு ரூபாய் பிசகவில்லை.
"பத்தைப் போட்டுப் பத்தை எடுக்கிறதில
உமக்கு என்ன லாபம் பிள்ளை?"
ஒரு லாபமும் இல்லை என்றேன்.
அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.
ஒரு கிழமையாகக் கமரா
மருந்துத் தட்டுகளை விட்டு என்னையே பார்த்தது.

காரைநகர் பஸ் கொண்டக்டர் டிலக்சன்
எப்படியோ அறிந்து விலை சொல்லத் தொடங்கினான்.
சதுர ஐந்து சதத்துக்கு ஐம்பது ரூபாய் கேட்டான்,
கொடுத்தேன்.
அது செத்த காசு, பேரம் பேசலாம்.
பிறகு ஒருநாள், மிதிபலகையில் நின்றபடி:
"அக்கா, முல்லைத்தீவு கிடக்கு. ஐந்நூறு."
விரலிடுக்கில் பாதி காட்டினான், மீதியை மறைத்தான்.
வேண்டாம் என்றேன்.
ஓடுகிற காசை
ஓடுகிற விலைக்குத்தான் வாங்குவேன்.
"அப்ப கிடையாது," என்று விசில் அடித்தான்.

இருபத்திநாலு சேர்ந்துவிட்டது.
முல்லைத்தீவு மட்டும் இல்லை.
முல்லைத்தீவில் நான் இருந்திருக்கிறேன்,
ஐந்து மாதம்.
அந்தக் கணக்கு இந்தக் கொப்பியில் இல்லை.

வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை.
கிளினிக் நாள், சனம் வாசலைத் தாண்டி நிற்கிறது.
பிறஷர் குளிசைக்கு ஒருவர் கொட்டிய சில்லறையில்,
இரண்டு ஐந்து ரூபாய்க்கு நடுவில்,
முல்லைத்தீவு.
என் பேர்சில் அன்றைக்குத் தாள்கள்தான்.
மாற்றுவதற்குள் அடுத்த துண்டு நீண்டது.
தோளில் குழந்தையோடு ஒரு மனிசி,
மிச்சம் பத்து ரூபாய்,
பெட்டியில் இருந்த ஒரே பத்து அதுதான்.

ரொபிப் போத்தலைத் திறந்து ஒன்றை நகர்த்தினேன்.
"ரொபி வேண்டாம் தங்கச்சி, காசாத் தாங்கோ.
பஸ்ஸுக்குச் சரியா எண்ணித்தான் வைச்சிருக்கிறன்."

கொடுத்தேன்.

அவ பார்க்கவில்லை. குழந்தை பார்த்தது,
எட்டிப் பறித்து வாயில் வைத்தது.
"சீ, துப்பு" என்று பிடுங்கி,
சேலையில் துடைத்து, கைப்பையில் போட்டு,
பஸ் நிலையப் பக்கம் வெயிலில் இறங்கிவிட்டா.
யாரோ "அடுத்தது" என்றார்கள்,
நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இருபது ரூபாய்த் தாளைக் கொடுத்திருக்கலாம்.
அது எனக்கு இரவு,
சோறு போடும்போது தோன்றியது.

நகர்த்திய ரொபி மேசையிலேயே கிடந்தது.
அதற்கும் சட்டம் உண்டு.
பத்து இல்லாததால் இருபதைப் போட்டு இரண்டு எடுத்தேன்,
கமராவுக்கு நன்றாகத் தெரியும்படி.
ஒன்றை நடந்துகொண்டே தின்றேன்.
மற்றதை அல்பத்தில்,
இருபத்தைந்தாவது பைக்குள் செருகி வைத்தேன்.

விடியப் பார்த்தால்
முல்லைத்தீவு முழுக்க எறும்பு.
ஒரு வரிசை மன்னாருக்கும் போயிருந்தது.